சீழ்க்கைப் பூங்குருவியும் பெருந்தோட்டப் பொருளாதாரமும்

நிலங்களுக்குரிய கருப்பொருள்களை எண்ணுமிடத்து, தொல்காப்பியர் புள்ளையும் அந்நிலத்து மக்களின் தொழிலையும் ஒரே நிரலில் வைத்துள்ளார். பறவையை நிலத்திலிருந்தும், நிலத்தை அதன்மீது நிகழும் உழைப்பிலிருந்தும் பிரித்து நோக்குவோர்க்கு இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவியின் இன்றைய நிலை விளங்காது.

இலங்கையின் மத்திய மலைநாட்டுக்கே உரிய இப்பறவை உலகில் வேறெங்கும் இல்லை. நீளம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர். ஆண் கருநிறமானது, தோளில் ஒளிரும் நீலத்திட்டு உண்டு. பெண் கபிலநிறமானது. ஏறத்தாழ 900 மீற்றருக்கு மேலே, அடர்ந்த நிழலுடைய மலையிடுக்குகளில், ஓடைகளை அண்டியே இது வாழும். ஈரப்பாறைகளிலும் சருகுகளிலும் பூச்சி, நத்தை, சிறு தவளை ஆகியவற்றைத் தேடியுண்ணும். பாசியும் வேர்நாரும் கொண்டு பாறை விளிம்பிலோ மரக்கவரிலோ கூடமைத்து, ஒன்று அல்லது இரண்டு முட்டையிடும். வைகறையிலும் அந்தியிலும் எழும் அதன் கூரிய சீழ்க்கை நீரோசையை ஊடறுத்துக் கேட்கும். பறவையோ எளிதிற் கண்ணிற் படாது. தற்கால வகைப்பாட்டியலார் இதனை ஈபிடிப்பான் குடும்பத்துள் அடக்குவர். நம் வீட்டுத் தோட்டங்களிற் பாடும் குண்டுக்கரிச்சானும் அக்குடும்பத்ததே.

இதனை 1872 இல் அறிவியலுலகுக்கு விவரித்தவர், முத்துச்சிப்பி வளத்தை ஆராய வந்த ஹோல்ட்ஸ்வேர்த். அவர் இட்ட பெயரில் நிலைபெற்றவர் சாமுவேல் பிளை, கோப்பித் தோட்டத்துரை. இப்பெயரீடு தற்செயலானதன்று. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் காடுகளையும் பயிரிடப்படாத நிலங்களையும், மாறாக நிறுவப்படும்வரை, முடிக்குரியனவாகக் கொண்டது. அந்நிலம் கோப்பி முதலாளிகளின் கைக்கு மாறியது. பறவையின் உறைவிடத்தை அழித்த அதே அமைப்புத்தான் பறவையியலாளரை அங்கே கொண்டுசென்றது. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்தியபோதும் அந்நிலம் காடாக மீளவில்லை, தேயிலையாயிற்று. காடு வெட்டுதலில் சிங்களக் கிராமத்தவரும் கூலிக்கு ஈடுபட்டனர். தோட்டவேலை தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் மீது விழுந்தது. துரையின் பெயரைப் பறவை சுமக்கின்றது. தொழிலாளரின் வழித்தோன்றல்களோ, 1948 இல் குடியுரிமையையே இழந்தனர்.

ஹூக்கரின் ஆலோசனைப்படி, 1873 இல், 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டுதல் தடுக்கப்பட்டது. எஞ்சிய உயர்மலைக் காடுகளே இன்று இப்பறவையின் முக்கிய புகலிடங்கள். ஹோட்டன் சமவெளி 1988 இல் தேசியப் பூங்காவாயிற்று. அதுவும் சிவனொளிபாதமலைக் காடும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தன. ஆயினும் பறவை அழியும் ஆபத்துள்ள இனமாகவே மதிப்பிடப்பட்டுள்ளது. காடு துண்டுபட்டுள்ளது; மரக்கறித் தோட்டங்கள் ஓடை வரை இறங்குகின்றன; கிருமிநாசினி நீரிற் கலக்கின்றது.

காட்டழிவு என்றவுடன் விறகு பொறுக்கும் தோட்டப் பெண்ணைச் சுட்டிக்காட்டும் வழக்கம் ஒன்றுண்டு. அது மிக வசதியான விளக்கம். லயத்து அடுப்புக்கு மாற்று எரிபொருளுக்கான வழியைக் காட்டாத பாதுகாப்புத் திட்டம் அப்பெண்ணைக் குற்றவாளியாக்கலாம்; பறவையைக் காவாது. ஓடையின் இருமருங்கிலும் தேயிலை நெருங்காத காட்டுப்பட்டை விடப்பட வேண்டும். அம்முடிவு, 1992 முதல் தோட்டங்களை முகாமை செய்துவரும் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடமும், நிலத்தின் உடைமையாளரான அரசிடமுமே உள்ளது.