ஓவனின் கடைசி வெர்ஷன் எது?

வில்ஃப்ரெட் ஓவன் என்றாலே எல்லாரும் சொல்வது அந்தத் தந்திக் கதையைத்தான். 1918 நவம்பர் 4, பிரான்ஸில் ஓர்ஸ் என்ற ஊர்ப்பக்கம் கால்வாயைக் கடக்கும் சண்டையில் இறந்தார், வயது 25. ஷ்ரூஸ்பரியில் அம்மாவுக்குச் செய்தி வந்தது நவம்பர் 11, போர் முடிந்ததென்று மணிகள் அடித்துக்கொண்டிருந்த நாள். உருக்கமான கதைதான். ஆனா என்னை உறுத்துவது வேறு. அவருடைய கவிதை என்று நாம் படிப்பது, அவர் முடித்துவைத்ததுதானா?

உயிரோடு இருந்தபோது அச்சானவை ஒரு கை விரலுக்குள் அடங்கும். மிச்சமெல்லாம் கையெழுத்துத் தாள்கள். அடித்தல், திருத்தல், ஒரே கவிதைக்குப் பல பிரதிகள், பலவற்றில் தேதியே கிடையாது. எங்க தொழில்ல கோடில் ஒரு வரி மாத்தினாலும் யார், எப்போன்னு பதிவாகிடும். இங்கே அந்த வசதி இல்லை.

போர் அதிர்ச்சியால் 1917இல் எடின்பரோவின் கிரெய்க்லாக்ஹார்ட் ராணுவ மருத்துவமனையில் இருந்தபோது, கவிஞர் சிக்ஃப்ரீட் சஸூன் பழக்கமானார். 'ஆந்தம் ஃபார் டூம்டு யூத்' வரைவில் அவருடைய பென்சில் எழுத்தே இருக்கிறது. தலைப்பில் முதலில் 'டெட்', அதாவது இறந்தவர்கள். பிறகு 'டூம்டு', சாவுக்கென்று குறிக்கப்பட்டவர்கள். முதல் சொல்லில் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டாவதில் பையன்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஒரு சொல், கவிதையின் காலமே மாறிப்போச்சு. அதில் சஸூனுக்கும் பங்கு உண்டு.

ஓவன் இறந்த பிறகு வேலை பதிப்பாசிரியர்களுடையது. 1920 தொகுப்பில் 23 கவிதைகள்தான். சஸூன் பெயரில் வந்தாலும் பெரும்பாடு பட்டவர் ஈடித் சிட்வெல். அடுத்து 1931இல் பிளண்டன், 1963இல் டே லூயிஸ். 1983இல் ஜான் ஸ்டால்வொர்த்தி செய்ததுதான் எனக்குப் பிடித்த வேலை. தாளை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியுமே, வாட்டர்மார்க், அதைப் பார்த்தார். தேதி போட்ட கடிதமும் தேதியில்லாத கவிதையும் ஒரே வகைத் தாள் என்றால், இரண்டும் ஏறக்குறைய ஒரே காலமாக இருக்கலாம். இப்படி ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தினார். சுத்தமான டிபக்கிங்!

அப்படியும் தீராத இடங்கள் உண்டு. 'ஸ்ட்ரேஞ்ச் மீட்டிங்' கடைசி வரி பாதியில் நிற்கிறது. முடிக்காமல் விட்டாரா, அங்கேயே நிறுத்தினாரா? வேண்டுமென்றே நிறுத்தியதாகத்தான் எனக்குப் படுகிறது. பேசுபவன் செத்தவன், தூங்கப் போகிறான். கையெழுத்துப் பிரதிகளை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் இணையத்தில் போட்டிருக்கிறது. இரண்டு வரைவுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பொழுது போவதே தெரியாது.