பொம்மை ரயிலுக்கு மரம் வளர்ப்போர்

ஒரு சென்ட் நிலத்தில் ஆயிரம் செடி நட்டு, ஒரே பருவத்தில் அறுத்து, அதை ஆயிரக்கணக்கான மரங்களாக விற்க முடியுமா? கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ஜெர்மனியில் வீட்டுக் கொல்லையிலேயே இப்படிப் பயிர் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். செடியின் உயரம் ஒரு சாண் அல்லது ஒன்றரைச் சாண். அதன் கிளைகளைப் பிரித்தெடுத்தால், பொம்மை ரயில் ஓடும் மேஜையில் ஒவ்வொரு கிளையும் ஒரு மரம்.

மேலை நாடுகளில் பொம்மை ரயில் குழந்தைகளோடு முடிந்துவிடும் விளையாட்டு அல்ல. வேலைக்குப் போகிறவர்களும் ஓய்வு பெற்றவர்களும் வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி, மேஜை போட்டு, அதன்மீது தண்டவாளம், நிலையம், மலை, குகை, ஆறு, ஊர் என்று ஒரு சிறு நாட்டையே கட்டுகிறார்கள். ஜெர்மனியில் கோப்பிங்கன் நகரத்து மார்க்ளின் நிறுவனம் 1859இல் தொடங்கியது. அமெரிக்காவில் இந்தப் பொழுதுபோக்கினரின் தேசியச் சங்கம் 1935இல் அமைந்தது. ஹாம்பர்க் நகரில் 2001இல் திறக்கப்பட்ட மினியேச்சர் வுண்டர்லாண்ட் கண்காட்சியை ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் பார்க்கிறார்கள்.

ரயிலைக் கம்பெனி செய்துவிடும். மலையைச் சாந்து பூசி எழுப்பிவிடலாம். மரம்தான் சிக்கல். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் மரம் பொம்மை போலவே நிற்கும். இயற்கையான கிளைப் பின்னல் வேண்டுமென்றால் செடியிடம்தான் போக வேண்டும். சிறு உற்பத்தியாளருக்கு வழி திறப்பது இந்த இடத்தில்தான்.

எவ்வளவு உயரம், எத்தனை மரம்?

இத்தொழிலின் முதல் பாடம் அளவு. உலகில் மிகுதியாகப் புழங்கும் அளவுக்கு ஹெச்.ஓ. என்று பெயர். உண்மைப் பொருளின் 87இல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். இதைவிடச் சிறியது என். அளவு. அது 160இல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 9 மில்லிமீட்டர்.

நம் வீட்டு வாசலில் 12 மீட்டர் உயர வேப்பமரம் நிற்கிறது என்று வையுங்கள். ஹெச்.ஓ. அளவில் அது சுமார் 14 சென்டிமீட்டர். என். அளவில் ஏழரை சென்டிமீட்டர். 20 மீட்டர் தென்னை ஹெச்.ஓ.வில் 23 சென்டிமீட்டர். ரயில் பெட்டிக்குப் பக்கத்தில் அவ்வளவு உயரம் மிகையாகத் தெரிவதால் பலர் சற்றுக் குட்டையான மரங்களையே வாங்குகிறார்கள்.

அடுத்தது எண்ணிக்கை. ஹெச்.ஓ. அளவில் ஒரு சதுர மீட்டர் மேஜை என்பது உண்மையில் 87 மீட்டருக்கு 87 மீட்டர் நிலம். அதாவது ஏறக்குறைய 1 ஏக்கர் 87 சென்ட். அதில் ஐந்து மீட்டர் இடைவெளியில் காடு அமைத்தால் 300 மரம் வேண்டும். ஹாம்பர்க் கண்காட்சியில் லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் இருப்பதில் வியப்பில்லை.

ஆனால் 300 மரமும் உயர்ந்த தரத்தில் இருக்கத் தேவையில்லை. காட்டின் உள்பகுதியில் தலை மட்டும்தான் தெரியும். அங்கே மலிவான உருண்டைத் தழைகள் போதும். முன்வரிசையில் அடிமரம், கிளை, வேர் எல்லாம் தெரிய நிற்கும் பத்துப் பதினைந்து மரங்களுக்குத்தான் நல்ல விலை. ஆகவே சரக்கு இரண்டு தரம்: பின்வரிசை மரம், முன்வரிசை மரம். இரண்டுக்கும் வேலை வேறு, கூலிக் கணக்கும் வேறு.

எந்தச் செடி?

கடைகளில் ‘கடல் நுரை’ என்ற பெயரில் விற்பது கடலில் விளைவதல்ல. டெலாக்சிஸ் அரிஸ்டேட்டா என்ற ஒரு பருவச் செடி அது. நம் சக்கரவர்த்திக் கீரைக்கு உறவு. சைபீரியா, மங்கோலியா பக்கத்து மணற்பாங்கான நிலங்கள் அதன் தாயகம். விதை தூள் போன்றது. மண்மேல் தூவி, லேசாக அழுத்தினால் போதும். நல்ல வெயிலும் நீர் தேங்காத மணற்சாரி நிலமும் வேண்டும். கோடை முடிவில் பச்சை மாறிச் செம்மை ஏறும்போது அறுத்து, காய வைக்கிறார்கள். தொடக்கத்தில் சொன்ன கணக்கு இதுதான்: 20 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் ஒரு சென்டில் ஆயிரம் செடி நிற்கும்.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஸேஜ் புதரின் முறுக்கேறிய கட்டை அடிமரமாகப் பயன்படுகிறது. ஐரோப்பாவில் வயல் ஓரத்தில் முளைக்கும் யாரோ செடியின் குடை போன்ற பூங்கொத்து, காய்ந்தபின் கச்சிதமான மரமாகிவிடும்.

இன்னொன்று பாசி. செட்டிநாட்டுக் குழம்பில் போடும் கல்பாசியை நாம் அறிவோம். அந்த இனத்தைச் சேர்ந்த கிளடோனியா என்ற வெண்பாசி நார்வே, ஸ்வீடன், பின்லாந்து நாடுகளின் பைன் காடுகளில் தரையை மெத்தை போல மூடிக்கிடக்கும். ரெயின்டீர் என்னும் பனிநாட்டு மானுக்கு அதுதான் குளிர்கால உணவு. அதைச் சேகரித்து, கிளிசரின் கலந்த சாயநீரில் ஊற வைத்து, புதர்களாக விற்கிறார்கள். பின்லாந்தின் ஹைலூட்டோ தீவிலிருந்து இந்தப் பாசி ஜெர்மனிக்கு மலர்வளையம் கட்டவும் பல காலமாக ஏற்றுமதியாகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. இந்தப் பாசி ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு கைப்பிடியை வேரோடு கிள்ளுவது போல முழுக்க எடுத்துவிட்டால், அந்த இடம் மீளப் பல ஆண்டுகள் ஆகும். அனுபவமுள்ளவர்கள் ஈரம் இருக்கும்போது மட்டும் கையால் எடுப்பார்கள். காய்ந்த நிலையில் தொட்டால் நொறுங்கி வீணாகும். இடையிடையே விட்டும் வைப்பார்கள். விதைத்து அறுப்பது பயிர். இருப்பதை வாரி எடுப்பது பயிர் அல்ல, முதலையே தின்பது. இந்த வேறுபாட்டை விவசாயிக்கு விளக்கத் தேவையில்லை.

செய்முறை

அறுத்த செடியைக் கட்டுக் கட்டாகக் கட்டி, நிழலில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். வெயிலில் போட்டால் நுனிகள் உடையும். காய்ந்ததும் ஒட்டியிருக்கும் இலைகளைச் சிறு இடுக்கியால் நீக்கவேண்டும். இந்த வேலைக்குத்தான் நேரம் அதிகம்.

பிறகு வெள்ளைப் பசையை நீர்விட்டு இளக்கி, கிளைகளை முக்கி எடுப்பார்கள். பசை கிளைகளுக்கு வலு கொடுக்கும். வளைந்த கிளையை நிமிர்த்த ஓர் எளிய வழி உண்டு. அடித்தண்டைக் கொடியில் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு, நுனியில் துணி மாட்டும் கிளிப் ஒன்றைப் பாரமாக மாட்டினால், காயும்போது நேராகிவிடும். மெத்தென்று இருக்க வேண்டிய புதர்களுக்கு ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு வெந்நீர் சேர்த்த கரைசல் பயன்படுகிறது.

அடுத்து சாம்பலும் பழுப்பும் கலந்த வண்ணத்தை மெல்லத் தெளிக்க வேண்டும். வெறும் பழுப்பு கூடாது. நம் ஊர் மரப்பட்டையை நிதானமாகப் பார்த்தால் சாம்பல் நிறமே மிகுதி என்பது தெரியும். கடைசியாக மறுபடி பசை தெளித்து, தழைத்தூளைத் தூவி, தட்டி உதிர்க்க வேண்டும். முன்பு சாயமிட்ட மரத்தூள்தான் தழை. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 1975இல் தொடங்கிய உட்லாண்ட் சீனிக்ஸ் போன்ற நிறுவனங்களின் சாயமிட்ட நுரைரப்பர் தூள் பின்னர் பரவலாயிற்று. ஒரே பச்சை போடாமல் இரண்டு மூன்று பச்சைகளைக் கலந்து தூவினால் மரம் உயிரோடு இருப்பதுபோல் தெரியும்.

ஊசியிலை மரங்களுக்குச் செடியே வேண்டாம். இரண்டு மெல்லிய கம்பிகளுக்கு இடையே நாரைப் பரப்பி, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை முறுக்கினால் பாட்டில் கழுவும் பிரஷ் போல ஆகிவிடும். கத்தரியால் கூம்பாக வெட்டிப் பச்சை தூவினால் பைன் மரம். இதற்கு ரயில் கற்றாழை நார், சணல், தேங்காய் நார் ஆகியவை ஏற்றவை. மாதிரி நிலக்காட்சி செய்வோர் தேங்காய் நார் மிதியடியை வெட்டி ஒட்டி, விளைந்த கோதுமை வயலாகக் காட்டுவதும் உண்டு. நாம் காலைத் துடைக்கும் பொருள் அங்கே மகசூலாக நிற்கிறது!

விலையும் கூலியும்

இதில் முதலீடு சிறிது. நேரம்தான் பெரிய செலவு. ஒரு முன்வரிசை மரத்துக்கு 30 நிமிடம் பிடிக்கிறது என்று கொண்டால், 8 மணி நேரத்தில் 16 மரம். நாள் கூலி 480 ரூபாய் என்று வைத்தால் ஒரு மரத்துக்குக் கூலி மட்டும் 30 ரூபாய். பின்வரிசை மரத்துக்கு 3 நிமிடம் என்றால் 160 மரம். கூலி 3 ரூபாய். பசை, சாயம், தழைத்தூள், உடைந்து கழிவது எல்லாவற்றையும் இதன்மேல் சேர்க்க வேண்டும். சொந்த உழைப்புதானே என்று கூலியை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், விற்க விற்க நட்டம்.

அடுத்த பொறி அனுப்பும் செலவு. மரம் பஞ்சு போல எடையற்றது. இடத்தை மட்டும் அடைக்கும். கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000ஆல் வகுத்து, அதையே எடையாகக் கொள்கின்றன. 50, 40, 30 சென்டிமீட்டர் பெட்டிக்கு 12 கிலோ. உள்ளே இருப்பது ஒரு கிலோவானாலும் 12 கிலோவுக்குத்தான் கட்டணம். ஐரோப்பாவில் சிறு உற்பத்தியாளர் பலர் கண்காட்சிகளுக்கு நேரில் கொண்டுபோய் விற்பதற்கு இதுவும் காரணம்.

சந்தையிலும் ஏற்ற இறக்கம் உண்டு. இங்கிலாந்தின் லிவர்பூலில் 1946இல் தொடங்கிய ஹாட்டன்ஸ் என்ற பெயர்பெற்ற பொம்மை ரயில் கடை 2024இல் மூடப்பட்டது. ஒரே வகை வாடிக்கையாளரை நம்பி இறங்குவது, ஒரே கிணற்றை நம்பி மூன்று போகம் வைப்பது போன்றது.

நமக்கு இதில் என்ன?

காய்ந்த செடியை வெளிநாட்டுக்கு விற்பது நமக்குப் புதிதல்ல. உலர்ந்த சூழலும் துறைமுகமும் சேர்ந்ததால் தூத்துக்குடி உலர்மலர் ஏற்றுமதியில் பெயர் பெற்ற ஊர். காய், கதிர், தண்டு ஆகியவற்றை உலர்த்தி, வெளுத்து, சாயமேற்றி அனுப்பும் கைத்திறன் அங்கே இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் நாருக்குப் பஞ்சமில்லை.

வாங்குவோரை முதலில் அருகில் தேடுவது புத்திசாலித்தனம். நகரங்களில் அடுக்குமாடிக் கட்டடங்களின் மாதிரி செய்பவர்களுக்கு மரம் தேவை. அவர்கள் 100இல் ஒரு பங்கு, 200இல் ஒரு பங்கு அளவில் கேட்பார்கள். 12 மீட்டர் மரம் முறையே 12, 6 சென்டிமீட்டர் ஆகும். நவராத்திரிக் கொலுவில் பூங்கா கட்டும் வீடுகளும் உண்டு. ஒரு கூரியர் பெட்டியில் அடங்கும் தூரத்துச் சந்தையைவிட, பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுபோகும் சந்தை முதலில் கைகொடுக்கும்.

செடியைத் தேர்ந்தெடுக்க ஒரு சோதனை. வரப்பில், வேலியோரத்தில் நுண்ணிய கிளைகள் உள்ள செடிகளை வகைக்கு ஐந்தாக அறுத்து, ஒரு மாதம் நிழலில் தொங்கவிடுங்கள். பிறகு விரலால் சுண்டிப் பாருங்கள். கிளை உதிர்ந்தால் விட்டுவிடுங்கள். உதிராமல் நின்றால் பசையில் முக்கிப் பார்க்கத் தகுந்தது. உள்ளே வண்டோ முட்டையோ இருந்தால் வாங்கியவர் வீட்டில் கெட்ட பெயர்தான் மிஞ்சும். ஆகவே முற்றும் உலர்ந்த, பூச்சியற்ற சரக்கையே கட்ட வேண்டும்.

மூன்று காரியங்களைச் செய்யக் கூடாது. காப்புக்காட்டில் புகுந்து பாசியோ செடியோ எடுக்கக் கூடாது; அது வனச்சட்டப்படி குற்றம். அனுமதி இல்லாமல் வெளிநாட்டு விதையைத் தபாலில் வரவழைக்கக் கூடாது. 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதிக்கு அனுமதி வேண்டும். 1950களில் புனேயில் தென்பட்ட பார்த்தீனியம் இன்று யார் வயலை விட்டுவைத்திருக்கிறது? மூன்றாவதாக, வாங்குவோர் உறுதியாகாமல் நிலத்தை ஒதுக்கக் கூடாது. ஏற்றுமதி செய்ய விரும்புவோருக்கு ஏற்றுமதியாளர் குறியீட்டு எண்ணும், செடிச் சரக்குக்குத் தாவர நலச் சான்றும் தேவை. சென்னையிலும் தூத்துக்குடியிலும் இதற்கான மத்திய அரசு நிலையங்கள் உள்ளன.

இது நெல்லுக்கும் கடலைக்கும் மாற்று அல்ல. அறுவடைக்கும் அடுத்த உழவுக்கும் இடையே கை ஓய்ந்திருக்கும் நாட்களில், வீட்டுப் பெண்களும் பெரியவர்களும் திண்ணையில் உட்கார்ந்து செய்யக்கூடிய உபதொழில். முதலில் இருபது மரம் செய்து, கட்டட மாதிரி செய்யும் ஒருவரிடம் காட்டி, அவர் சொல்லும் விலையையும் குறையையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த விலை உங்கள் கூலிக் கணக்கைத் தாண்டினால் மட்டும் இருநூறு செய்யுங்கள்.