தம்பி பெயரில் கடை

சவூதியிலோ துபாயிலோ இருப்பவர் பணம் அனுப்ப, புதூர்நாட்டில் தம்பி பெயரில் கடை திறப்பது நம் வழக்கம். தாளில் அது தம்பியின் கடைதான். மனஸ்தாபம் வந்தால் அண்ணன் கையில் அத்தாட்சி இராது. கடனை எழுதிக்கொள்ளச் சொல்கிறது அல்பகரா 282ஆம் வசனம். முதலீட்டை மட்டும் எழுதாமல் விடலாமா?

இருவரும் கூட்டுப் பத்திரம் எழுதி மாவட்டப் பதிவாளரிடம் பதியுங்கள். பதியாவிட்டால், 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி, பத்திரத்திலுள்ள உரிமையைக் கேட்டு வழக்குப் போட முடியாது. பணம் வங்கி வழியாகவே வரட்டும், உண்டியல் வேண்டாம். உதயம் பதிவுக்குக் கட்டணமே இல்லை, இடைத்தரகருக்குக் கொடுக்காதீர்கள்.

கையெழுத்துப் போட அத்தாவுக்குப் பவர் பத்திரம் தருபவர், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்ப வேண்டும். இங்கு வந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். பலருடைய பத்திரம் அதற்குள் பீரோவுக்குள் போய்விடுகிறது.