கிரகணம் தலைவர்களுக்கு ஆகாதா?

கிரகணம் பிடித்தால் நாடாளுபவருக்கு ஆகாது என்பது சோதிடர் வாக்கு. 1963 ஜூலை 20-ந் தேதி அமெரிக்காவில் சூரிய கிரகணம் தெரிந்தது. நவம்பர் 22-ந் தேதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். "பார்த்தீர்களா!" என்பார்கள்.

ஆண்டுக்கு நான்கு முதல் ஏழு கிரகணங்கள் வரை வருகின்றன. யார் என்றைக்கு மறைந்தாலும் முன்னோ பின்னோ மூன்று மாதத்துக்குள் ஒரு கிரகணம் அகப்படாமல் போகாது!

1962 பிப்ரவரியில் மகர ராசியில் அஷ்டகிரகச் சேர்க்கை. கூடவே சூரிய கிரகணம். உலகமே அழியும் என்று கிலி. ஊரெங்கும் யாகம், பூஜை. நடந்தது என்ன? அதே மாதம் பொதுத் தேர்தல். நேருவே மீண்டும் பிரதமர்!

அவர் காலமானது 1964 மே 27-ந் தேதி. அதற்கு மிக அருகில் வந்த சூரிய கிரகணமோ ஜூன் 10-ந் தேதி. பதினான்கு நாள் தாமதம்!