மண்மேட்டுக்குப் பங்காளிகள்

கல்கத்தாவுக்கு ஆகாய மார்க்கமாகப் போய் இறங்குகிற நம்மவர்களில் பலர், டம்டம் என்ற ஊர்ப்பெயர் காதில் விழுந்ததும் அதன் ஓசையை நினைத்துப் புன்னகைத்தபடியே பெட்டியைத் தேடிப் போய்விடுகிறார்களே தவிர, அது ‘தம்தமா’ என்னும் பழைய சொல்லின் மரூஉ என்பதையும், பீரங்கி நிறுத்துவதற்காக எழுப்பிய மண்மேட்டுக்கு அப்பெயர் வழங்கியது என்பதையும் விசாரிப்பதில்லை. 1783 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் பீரங்கிப் படைக்கு அதுவே முகாம். பின்னர் அங்கிருந்த தோட்டாத் தொழிற்சாலை, உடலுள் பாய்ந்ததும் விரிந்து கிழிக்கும் குரூரமான ஒரு ரவையைச் செய்து ஊரின் பெயரை உலகெங்கும் பரப்பியது. 1899இல் ஹேக் மாநாடு அவ்வகை ரவையை யுத்தத்தில் விலக்கிவைத்தது.

மண்மேட்டைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம், துப்பாக்கி சுடும் தளம் எதற்கும் ஜீவநாடி அதுதான் என்பதே. பந்தயத்துக்குரிய .22 ரைஃபிளின் ரவை இரண்டரை கிராமுக்குச் சற்றே அதிகமான ஈயத் துணுக்கு. ஆனாலும் தடுப்பாரின்றி விட்டால் ஒன்றரை கிலோமீட்டர் வரை போய் ஆளைக் காயப்படுத்த வல்லது. ஆகையால் ஐம்பது மீட்டர்த் தளம் ஒன்று அமைப்பவர்கள், இலக்குக்குப் பின்னே உயர்ந்த மேடும், இரு மருங்கிலும் சுவரும், கை தவறி மேல்நோக்கிப் போகும் ரவையை மறிக்கத் தலைக்கு மேலே குறுக்குத் தடுப்புகளும் கட்டியாக வேண்டும். வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும் கல்கத்தாவில் அதற்கு நிலம் தேடுவது லேசான காரியமா? பத்து மீட்டரில் சுடும் ஏர் ரைஃபிளுக்கு ஒரு கூடம் போதும்; 0.177 அங்குல அளவுள்ளதற்கு உரிமமும் வேண்டாம்.

போலீஸாரிடமோ மேடு இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி அளித்தாக வேண்டும். பழைய காவலர்களுக்கும் அவ்வப்போது அப்பியாசம் உண்டு. இடைப்பட்ட நாட்களில் மேட்டில் புல் முளைக்கிறது. கனத்த துப்பாக்கிக்காகக் கட்டிய மேடு இலேசான துப்பாக்கிக்குத் தாராளமாகப் போதும். இலேசானதற்குக் கட்டியது கனத்ததைத் தாங்காது. ஆகவே இந்தப் பங்கில் பிரஜைகள்தாம் போலீஸாரின் வாசலுக்குப் போக வேண்டியிருக்கிறது.

நம் தமிழ்நாட்டில் இது பழகிப்போன ஏற்பாடு. சென்னை ரைஃபிள் கிளப் இயங்கியது எழும்பூரில் பழைய கமிஷனர் அலுவலக வளாகத்தில். 2021ஆம் ஆண்டு பயிற்சிக்குப் புறப்பட்ட நடிகர் அஜித்குமார், வழி தவறி வேப்பேரியிலுள்ள புதிய கமிஷனர் அலுவலகத்தில் போய் இறங்கியதைப் பத்திரிகைகள் சுவைபட எழுதின. திருச்சி ரைஃபிள் கிளப்பும் கே.கே. நகர் ஆயுதப்படை மைதானத்தில்தான் இருக்கிறது. 2022 ஜூலையில் அங்கே மாநிலப் போட்டி நடந்தபோது, அதில் கலந்துகொண்ட அஜித்தைக் காணத் திரண்ட ஜனசமுத்திரத்தைக் கட்டுப்படுத்துவதே காவலர்களுக்குப் பெரும்பாடாயிற்று.

கல்கத்தாவின் சர்க்கார் அதிகாரிகளுக்கு ஜனங்களின் கையில் துப்பாக்கி என்றாலே ஒரு காலத்தில் குலை நடுங்கியது; அதற்குக் காரணமும் இருந்தது. 1914 ஆகஸ்ட் 26ஆம் தேதி துப்பாக்கி வியாபாரிகளான ராடா கம்பெனிக்கு வந்த ஆயுதச் சரக்கிலிருந்து ஐம்பது மாசர் பிஸ்டல்களும் 46,000 தோட்டாக்களும் மாட்டு வண்டியிலேயே மாயமாகிப் புரட்சிக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தன. அந்தப் பழைய அச்சத்தின் நிழல் இன்றும் நம் ஆயுதச் சட்டங்களில் படிந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஆனால் முறையாக நடக்கும் தளத்தைக் கண்டவர்கள் அஞ்சமாட்டார்கள். சுடும் நேரத்தில் செங்கொடி பறக்கும். ஒருவர் குரலுக்கே அனைவரும் கட்டுப்படுவர். இலக்கை மாற்ற ஒருவர் முன்னே போவதென்றால், எல்லாத் துப்பாக்கிகளும் காலியாகி, போல்ட் திறந்தபடி கீழே கிடக்கும், அவர் திரும்பும்வரை எவரும் அவற்றைத் தொடக்கூடாது. போலீஸ் வழக்கமோ இன்னும் கறார்: கொடுத்த தோட்டா இத்தனை, திரும்பிய வெற்றுத் தோட்டா இத்தனை என்று கணக்கு நேராகும்வரை ஒருவரும் வீடு போக முடியாது. கோயில் நகைக்குக்கூட இவ்வளவு கணக்கு நடக்குமா என்பது சந்தேகமே!

2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஐம்பது மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில் கல்கத்தாக்காரரான ஜாய்தீப் கர்மாகர் 699.1 புள்ளிகளுடன் நான்காவதாக வந்தார். வெண்கலம் பெற்ற ஸ்லோவேனியாவின் டெபெவெக் எடுத்தது 701.0. கூடத்தில் பழகிவிட முடியாத போட்டி அது, மேடு வேண்டும். வங்காளத்தில் போலீஸ் மைதானங்களை நிர்வகிக்கும் அதிகாரிகளே, செங்கொடி இறங்கிக் கிடக்கிற காலைகளில், கணக்குப் புத்தகத்தையும் கண்டிப்பையும் உங்கள் கையிலேயே வைத்துக்கொண்டு, கதவை மட்டும் சுடப் பழக விரும்பும் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள்.