தில்லிக் குளிரில் தெருவில் ஒருவர்

டிசம்பர் பிறந்தால் தில்லியில் கம்பளி வழங்குவோர் கிளம்பிவிடுவார்கள். நடைபாதை ஓரம் கார் நிற்கும், கண்ணாடி இறங்கும், போர்வை கைமாறும், கூடவே ஒரு படமும் எடுக்கப்படும். கொடுப்பதில் குற்றமில்லை. ஆனால் படுத்திருப்பவருக்கு அன்றிரவு ஒரு கூரை கிடைக்கச் சட்டப்படி உரிமை உண்டு என்பது கொடுப்பவருக்கும் தெரிவதில்லை, வாங்குபவருக்கும் தெரிவதில்லை.

2009 டிசம்பரில் புசா சாலை ரவுண்டானாவில் இருந்த கூடாரக் காப்பகத்தை மாநகராட்சி கடுங்குளிரில் பிரித்துப் போட்டது. அடுத்த மாதமே, உணவு உரிமை வழக்கின் ஆணையர்களான என்.சி.சக்சேனாவும் ஹர்ஷ் மந்தரும் எழுதிய கடிதத்தை ஏற்று உச்ச நீதிமன்றம் தலையிட்டது. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், அதுவும் ஆண்டு முழுக்க, 24 மணி நேரமும் என்ற கணக்கு அந்த வழக்கில் உறுதியானது. 2013இல் மத்திய அரசின் நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் இதை விதியாகவே எழுதியது: ஒரு காப்பகத்தில் குறைந்தது 100 பேர், ஆளுக்கு 50 சதுர அடி. தில்லியில் இவற்றை நடத்தும் பொறுப்பு நகர்ப்புறக் காப்பிட மேம்பாட்டு வாரியத்துடையது. தெருவில் எல்லோரும் சொல்லும் பெயர் ரைன் பசேரா. நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை கூடுதல் கூடாரங்கள் போடுவார்கள், இரவில் மீட்பு வண்டிகளும் சுற்றும். அழைக்க வேண்டிய எண் 14461.

இவ்வளவு இருந்தும் ஏன் நடைபாதையில் படுக்கிறார்கள்? காரணமில்லாமல் இல்லை. ரிக்‌ஷாவை வெளியே விட்டால் காலையில் இருக்காது. கணவனையும் மனைவியையும் தனித்தனிக் காப்பகங்களுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சம் இன்னொன்று. எய்ம்ஸ் வாசலில் படுக்கும் நோயாளிகளின் உறவினர்களுக்கோ விடியற்காலை வரிசைதான் பெரிது. ஆகவே, "இங்கே படுக்காதே, எழுந்து போ" என்பது உதவியாகாது. "அண்ணா, பக்கத்தில் ரைன் பசேரா இருக்கிறது, வருகிறீர்களா?" என்று கேளுங்கள். குடும்பத்தோடு இருந்தால் குடும்பக் காப்பகம், பெண் தனியாக இருந்தால் பெண்கள் காப்பகம் என்று போனிலேயே சொல்லிக் கேளுங்கள். வர மறுத்தால் அது அவர் முடிவு. அப்போது கம்பளி கொடுங்கள். கூடவே கீழே விரிக்க அட்டையோ தடித்த பாயோ கொடுங்கள். உடம்புச் சூட்டைத் தரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்போது மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் பாதிப் பயன்தான்.

சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 2023 ஜனவரி 8 அன்று 1.9 டிகிரி பதிவானது. ஆனால் அவ்வளவு இறங்கத்தான் வேண்டும் என்றில்லை. நனைந்த உடையும் காற்றும் சேர்ந்தால் 10 டிகிரியிலேயே உடல் வெப்பம் 35க்குக் கீழே சரிந்துவிடலாம். முதலில் உடம்பு நடுங்கும். பிறகு நடுக்கம் நிற்கும். அதைப் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள், ஆபத்தே அதுதான். பேச்சு குழறும், கால் தள்ளாடும். குடித்திருக்கிறார் என்று நினைத்துக் கடந்துபோகிறவர்களே அதிகம். உடனே 112ஐ அழையுங்கள். ஈர உடையைக் கழற்றி, உலர்ந்த துணியால் மார்பையும் கழுத்தையும் முதலில் போர்த்துங்கள். கைகால்களைத் தேய்க்கக் கூடாது, நெருப்பருகே கொண்டுபோகவும் கூடாது. நல்ல நினைவோடு இருந்தால் மட்டும் இனிப்பான சூடான டீ. மது கூடவே கூடாது. உள்ளே சூடேறியது போலத் தோன்றும், ஆனால் தோலுக்கு ரத்தம் பாய்ந்து இருக்கிற சூடும் வெளியேறிவிடும்.

பக்கத்து வீட்டு ஆபத்து வேறு மாதிரி. கதவு ஜன்னலை அடைத்துவிட்டு அங்கீட்டி எனும் கரியடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் மறுநாள் எழாத செய்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. தலைவலி, குமட்டல், பிறகு மயக்கம். அப்படி ஒரு வீட்டைத் திறக்க நேர்ந்தால் முதலில் கதவு ஜன்னலை விரியத் திறந்து, ஆட்களை வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். உள்ளேயே நின்று எழுப்பிக்கொண்டிருந்தால் நீங்களும் விழுவீர்கள். தனியாக வாழும் முதியவர் பால் பாக்கெட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் கதவைத் தட்டிப் பாருங்கள். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் மாரடைப்பும் பக்கவாதமும் கூடும் காலம் இது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குடியிருப்பு வாசலில் குப்பையையும் சுள்ளியையும் எரித்துக் குளிர்காயும் வாட்ச்மேனைப் புகைக்காகத் திட்டுகிறோம். காற்று மாசு முற்றும்போது அமலாகும் தலைநகர்ப் பகுதிக் கட்டுப்பாட்டுத் திட்டமோ, அவருக்கு மின் ஹீட்டர் தரும் பொறுப்பைக் குடியிருப்போர் சங்கத்தின் மேல்தான் சுமத்துகிறது. ஆக, திட்டு வாங்க வேண்டியது யார்?

பனிமூட்டத்தில் நெடுஞ்சாலை விபத்தைக் கண்டால் வண்டிகள் ஓடும் தடத்திலேயே வண்டியை நிறுத்தாதீர்கள். பின்னால் வருபவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். ஓரம் கட்டி, விளக்கு மின்ன விட்டு, பிறகு இறங்குங்கள். போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டிவருமோ என்று தயங்க வேண்டாம். நல்ல எண்ணத்தோடு உதவியவரை வழக்கிலிருந்து காக்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு. பெயர், முகவரி சொல்லச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது.

காப்பகத்தில் ஆதார் இல்லையென்று திருப்பி அனுப்பினால்? வீடே இல்லாதவருக்கு ஆதார் எப்படிக் கிடைக்கும் என்று 2018இல் உச்ச நீதிமன்றமே கேட்டிருக்கிறது. இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு 14461இல் புகார் சொல்லுங்கள். அடுத்த காப்பகம் எது என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள். மறுநாள் வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் வராவிட்டால் தேசிய சட்டப்பணிகள் ஆணையத்தின் 15100 இருக்கிறது. பெண்கள், பட்டியல் இனத்தவர், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு அங்கே வழக்கறிஞர் கட்டணம் கிடையாது.