குளிர்ந்த என்ஜினின் முதல் பத்து நிமிடங்கள்

பெட்ரோல் என்ஜின் தான் எரிக்கும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மட்டுமே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாற்றுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாக வெளியேறிக் காற்றில் கலந்துவிடுகிறது. ஓடும்போது வேண்டாத பொருளாக வெளியே தள்ளப்படும் இதே வெப்பம், மறுநாள் காலை கார் பனியில் விறைத்து நிற்கும்போது, என்ஜினுக்கு மிகமிகத் தேவையான பொருளாகிவிடுகிறது. குளிர்நாட்டு வாகன ஓட்டிகள் நெடுங்காலமாக எதிர்கொண்டுவரும் இந்த முரண், ஹைப்ரிட் கார்களின் வருகைக்குப் பிறகு தணிவதற்கு மாறாக இன்னும் கூர்மையடைந்திருக்கிறது.

சிலிண்டர்களைச் சுற்றி வார்க்கப்பட்ட நுண்பாதைகளில் இடைவிடாது சுழன்றுவரும் திரவமே கூலன்ட் எனப்படுகிறது. தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் சரிபாதியாகக் கலந்த இத்திரவம், மைனஸ் 35 டிகிரி செல்சியஸ் அளவிலும் உறையாமல் தாக்குப்பிடிக்கும். குளிர்விப்பது என்ற பொருளில் பெயர் அமைந்திருந்தாலும், என்ஜினை ஒரே வெப்பநிலையில் நிலைநிறுத்துவதுதான் அதன் உண்மையான பணி. ஆகவேதான் ரேடியேட்டருக்குச் செல்லும் வழியில் தெர்மோஸ்டாட் என்னும் வெப்ப வால்வு ஒன்று காவல் நிற்கிறது. டொயோட்டா ப்ரியஸ் காரில் இந்த வால்வு 82 டிகிரிக்கு அருகில்தான் திறக்கத் தொடங்குகிறது. அதுவரை கூலன்ட் என்ஜினுக்குள்ளேயே சுற்றிச்சுற்றி வந்து, கிடைக்கும் வெப்பத்தையெல்லாம் சேர்த்து வைக்கிறது.

அந்த வெப்பநிலையை எட்டுவதற்கு முன் நிகழ்பவை எவையும் நல்லவையல்ல. குளிர்ந்த உலோகச் சுவரில் படும் பெட்ரோல் முழுமையாக ஆவியாகாமல் துளிகளாகவே தங்கிவிடுவதால், எரிதல் தடைபடாதிருக்க என்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினி கூடுதல் எரிபொருளைச் செலுத்துகிறது; அதில் ஒரு பகுதி எரியாமலேயே வெளியேறுகிறது, இன்னொரு பகுதி சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எண்ணெயில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்கிறது. எண்ணெயோ குளிரில் தடித்து, நகரும் பாகங்களுக்கிடையே உராய்வைக் கூட்டுகிறது. புகையிலுள்ள நச்சுகளை மாற்றும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், அதாவது வினையூக்கிப் பெட்டி, 250 முதல் 300 டிகிரி வரை சூடேறிய பின்னரே முறையாகச் செயல்படும் என்பதால், ஒரு பயணம் முழுவதிலும் வெளியேறும் மாசில் பெரும்பங்கு அதன் தொடக்க நிமிடங்களிலேயே வெளியேறிவிடுகிறது.

ஹைப்ரிட் காரின் சிக்கனம், தேவையற்ற வேளைகளில் என்ஜினை அணைத்துவிட்டு மின்மோட்டாரால் நகர்வதில் அடங்கியிருக்கிறது. ஆனால் கூலன்ட்டும் வினையூக்கிப் பெட்டியும் உரிய சூட்டை எட்டாதவரை அக்கார் என்ஜினை அணைக்க இசைவதில்லை. சிவப்பு விளக்கில் நிற்கும்போதும், சரிவில் தானாக இறங்கும்போதும், வேலையே இல்லாத என்ஜின் தன்னைச் சூடேற்றிக்கொள்வதற்காக ஓடிக்கொண்டிருக்கிறது. இருக்கையில் இருப்பவர் வெப்பக் காற்றைத் திறந்துவிட்டால் நிலைமை மேலும் சிக்கலாகிறது, ஏனெனில் பெரும்பாலான ஹைப்ரிட் கார்களில் அந்த வெப்பமும் கூலன்ட்டிலிருந்தே எடுக்கப்படுகிறது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும்: ப்ரியஸ் போன்ற கார்கள் பயன்படுத்தும் அட்கின்சன் சுழற்சி என்ஜின், விரிவடையும் வாயுவிடமிருந்து கூடுதல் வேலையை வாங்கிக்கொள்வதால், கூலன்ட்டுக்கு விட்டுக்கொடுக்கும் வெப்பம் குறைவு, 2015ஆம் ஆண்டில் வெளிவந்த நான்காம் தலைமுறை ப்ரியஸ் என்ஜினின் உச்சத் திறனை டொயோட்டா 40 விழுக்காடு என அறிவித்தது. திறன் கூடக் கூட, தன்னைச் சூடாக்கிக்கொள்ளும் வசதி குறைகிறது; சிக்கனத்தின் விலையைச் சிக்கனமே செலுத்துகிறது.

இதன் விளைவை அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கன வழிகாட்டி எண்களில் காட்டுகிறது. 25 டிகிரி வெப்பநிலையோடு ஒப்பிடும்போது மைனஸ் 7 டிகிரியில் நகருக்குள் ஓடும் சாதாரணப் பெட்ரோல் காரின் மைலேஜ் சுமார் 15 விழுக்காடு குறைய, ஹைப்ரிட் காரின் மைலேஜோ 30 முதல் 34 விழுக்காடு வரை சரிகிறது. சிக்கனத்துக்காகவே கூடுதல் விலை கொடுத்து வாங்கிய கார், ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பள்ளிக்கும் கடைக்கும் பனிக்காலத்தில் சென்றுவரும்போது, அந்தச் சிக்கனத்தைப் பெருமளவு இழந்துவிடுகிறது என்பது வருந்தத்தக்கதே.

என்ஜினை முன்கூட்டியே சூடாக்கும் வழக்கம் ஹைப்ரிட் கார்களுக்கு மிக முந்தையது. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்திலுள்ள கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன், என்ஜினின் தலைப்பகுதியை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு, அதனிடத்தில் மின்சாரத்தால் சூடேறும் போல்ட்டைப் பொருத்தும் சாதனத்தை உருவாக்கி, 1949ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதன் வழித்தோன்றல்களே இன்று பிளாக் ஹீட்டர் என அழைக்கப்படும் என்ஜின் சூடேற்றிகள். மைனஸ் 40 டிகிரி வரை குளிர் இறங்கும் அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸிலும் கனடாவின் புல்வெளி மாகாணங்களிலும், காரின் முன்பக்க கிரில்லிலிருந்து ஒரு பிளக் தொங்குவது வியப்புக்குரிய காட்சியன்று. பின்லாந்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாகன நிறுத்துமிடங்களிலேயே நேரங்காட்டியுடன் கூடிய மின்கம்பங்கள் வரிசையாக நடப்பட்டிருக்கின்றன.

இரண்டாம் தலைமுறை ப்ரியஸுக்கு விற்கப்பட்ட சூடேற்றி 400 வாட் அளவிலானது. கூலன்ட்டில் அமிழாமல், என்ஜின் உலோகத்திலுள்ள ஒரு துளைக்குள் வெப்பம் கடத்தும் பசையுடன் செருகப்படுவது. இந்தக் குறைந்த மின்சாரத்தால் என்ன ஆகிவிடும் என்ற ஐயத்தை எளிய கணக்கு தீர்த்துவைக்கும். இரண்டு மணி நேரம் இயங்கினால் அது உண்ணும் மின்சாரம் 0.8 யூனிட், சுமார் 100 கிலோ எடையுள்ள அலுமினிய என்ஜினையும் 5 லிட்டர் கூலன்ட்டையும் 25 டிகிரி அளவுக்கு உயர்த்த, காற்றுக்குப் போகும் இழப்பைக் கணக்கில் கொள்ளாவிட்டால், அது போதுமானது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் ஆற்றல் அடங்கியிருப்பதால், இந்த வெப்பத்தின் அளவு 90 மில்லிலிட்டர் பெட்ரோலுக்குச் சமம்; ஆயினும் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஒரு பங்கே கூலன்ட்டைச் சென்றடைவதால், நின்றபடி ஓடிச் சூடேறும் என்ஜின் இதைப் பெற இரண்டு மூன்று மடங்கு எரிக்க நேரிடும். அக்கணக்கில் விடுபட்ட இழப்பு இன்னொன்றையும் உணர்த்துகிறது: என்ஜின் சூடேறச் சூடேறக் காற்றுக்கு இழக்கும் வெப்பமும் கூடி, ஒரு கட்டத்தில் வரவும் இழப்பும் சமமாகிவிடுகின்றன, அதன்பின் எவ்வளவு நேரம் விட்டுவைத்தாலும் வெப்பநிலை உயராது. இரவு முழுவதும் பிளக்கைச் செருகி வைப்பவர் நான்கு யூனிட்டைச் செலவிட்டு, இரண்டு மூன்று மணி நேரத்தில் கிடைத்திருக்கக்கூடிய சூட்டையே பெறுகிறார்.

வெளியிலிருந்து மின்சாரம் பெறாமல் இதே பயனை அடையும் வழியொன்றை, வட அமெரிக்காவில் விற்ற இரண்டாம் தலைமுறை ப்ரியஸில் டொயோட்டா பொறியாளர்கள் அமைத்தனர். அந்த அமைப்பு நம்மில் பலரும் அன்றாடம் கையாளும் ஒரு பொருளையே நினைவூட்டுகிறது. சமையலறையில் காப்பியைச் சூடாக வைத்திருக்கும் ஃப்ளாஸ்க்கைப் போல, இரட்டைச் சுவர்களுக்கிடையே வெற்றிடம் கொண்ட சுமார் 3 லிட்டர் கொள்கலன் ஒன்றைக் காரின் முன்பகுதியில் அவர்கள் பொருத்தினர். பயணம் முடிந்து கார் அணைக்கப்பட்டதும் ஒரு சிறிய மின்பம்பு சூடான கூலன்ட்டை அதற்குள் செலுத்திவிடும். வெற்றிடத்தின் ஊடே வெப்பம் எளிதில் கடவாததால், அத்திரவம் மூன்று நாட்கள் வரைகூடச் சூட்டைக் காத்துக்கொள்ளும். அடுத்த முறை புறப்படும்போது, என்ஜின் சுழலத் தொடங்குவதற்கு முன்பே அதே பம்பு அந்தச் சூடான கூலன்ட்டைச் சிலிண்டர் தலைக்கு அனுப்பி, பெட்ரோல் ஆவியாக வேண்டிய இடத்தை மட்டும் முதலில் சூடாக்கிவிடும். கலிஃபோர்னியாவின் கடுமையான மாசுக் கட்டுப்பாட்டு விதிகளை நிறைவேற்றுவதே இதன் முதன்மை நோக்கம். நேற்றைய பயணத்தின் வீணான வெப்பத்தை இன்றைய பயணத்தின் தொடக்கத்துக்குக் கடத்தித் தரும் இந்த ஏற்பாடு, வாகனப் பொறியியலில் பெறாத புகழைப் பெற்றிருக்க வேண்டிய ஒன்று. எனினும் கொள்கலன், பம்பு, மும்முனை வால்வு என உறுப்புகள் பெருகின. கூலன்ட் மாற்றும்போது காற்று புகாமல் நிரப்புவதும் எளிதாக இல்லை. 2009இல் வந்த மூன்றாம் தலைமுறையில் அது கைவிடப்பட்டு, வெளியேறும் புகையின் வெப்பத்தையே வாங்கிக் கூலன்ட்டுக்கு ஊட்டும் அமைப்பு அதன் இடத்தைப் பிடித்தது. வீட்டு மின்சாரத்தில் மின்கலத்தை நிரப்பிக்கொள்ளும் பிளக்-இன் வகைக் கார்களில், உட்புறச் சூட்டை மின்சாரமே தர முடிவதால், அதற்காக என்ஜினை ஓட்டவேண்டிய தேவையே பெரிதும் குறைந்துவிடுகிறது.

பிளாக் ஹீட்டர் பயன்படுத்துவோர் கருத்தில் கொள்ளவேண்டியவை சிலவே. கூலன்ட்டில் அமிழும் வகையைச் சேர்ந்த சூடேற்றியைத் திரவம் நிரம்பாத என்ஜினில் இயக்கினால் அது கருகிவிடும். நிலத்தொடர்பு கொண்ட, வெளிப்புறப் பயன்பாட்டுக்கென்றே தயாரிக்கப்பட்ட கம்பியைத் தவிர வேறு கம்பி கூடாது. சூடான நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறப்பது கைகளையும் முகத்தையும் வேகவைத்துவிடும். சூடேற்றியை இயக்கும் நேரத்தைப் புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணித்து, உறைநிலையை ஒட்டிய குளிருக்கு அரை மணி நேரமும் கடுங்குளிருக்கு இரண்டு மூன்று மணி நேரமும் வரும்படி நேரங்காட்டியில் அமைத்துவிட்டால், மின்சாரம் வீணாவதில்லை.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ விடியற்காலையிலும் என்ஜின் பெரும்பாலும் 20 டிகிரிக்குக் குறையாத வெப்பத்தில்தான் காத்திருக்கிறது என்பதால், அங்கு பிளக் செருகுவதற்குப் பொருளில்லை. ஆயினும் 25 டிகிரிக்கும் 82 டிகிரிக்கும் இடையிலான தொலைவை அங்குள்ள ஹைப்ரிட் காரும் பெட்ரோலை எரித்தே கடக்கிறது. சந்தைக்கும் வங்கிக்கும் தனித்தனியே மூன்று முறை வெளியே சென்றுவருவதை ஒரே சுற்றில் முடித்துக்கொண்டால், இரண்டாவது ஓட்டமும் மூன்றாவது ஓட்டமும் முதல் ஓட்டம் விட்டுச்சென்ற வெப்பத்திலேயே தொடங்குகின்றன.